பக்கம் முந்தியது, நிரல் பிந்தியது

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலைத்தளத்துக்குள் பிஎச்பி கோப்புகளைச் சேர்க்கிற வேலைதான் எனக்கு அதிகம் வருகிறது. பள்ளிக்கூடம், அச்சகம், சிறு பதிப்பகம் என்று யாரோ எப்போதோ கையால் எழுதி வைத்த எச்டிஎம்எல் பக்கங்கள். எல்லாப் பக்கத்தின் தலையிலும் அதே மெனு, காலிலும் அதே முகவரி. தொலைபேசி எண் மாறினால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து திருத்த வேண்டும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் கூப்பிடுகிறார்கள். புதிதாகத் தளம் கட்டுவதைவிட இது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் கூடுதல் கவனம் கேட்கிற வேலை. பக்கத்துக்கு ஏற்கெனவே வாசகர்கள் இருக்கிறார்கள். நம் நிரல் பிறகு வந்து சேர்வது.

இந்த வேலைக்கு பிஎச்பி பொருந்தி வருவதற்குக் காரணம் உண்டு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அந்த ஆண்டுக்குள்ளேயே எச்டிஎம்எல் நடுவில் நிரலை எழுதும் வசதியும் வந்துவிட்டது. பிஎச்பி குறிகளுக்குள் இருப்பது மட்டும் சர்வரில் இயங்கும். வெளியே இருப்பது எழுதியபடியே வாசகருக்குப் போகும். ஆகவே பழைய பக்கத்தைக் கலைக்காமல் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கலாம்.

நான் எப்போதும் காலிலிருந்து தொடங்குவேன். அடிப்பகுதியை மட்டும் வெட்டித் தனிக் கோப்பில் வைத்து, அந்த இடத்தில் அதை இழுத்துவரும் ஓர் இன்க்ளூட் வரி. பிறகு உலாவியில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட மாட்டேன். சர்வர் அனுப்புகிற எச்டிஎம்எல்லைச் சேமித்து, பழைய கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுவேன். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அங்கேதான் நுணுக்கம் தெரியும். பிஎச்பியின் மூடும் குறியை ஒட்டி வரும் ஒரு வரி முறிவை அது விழுங்கிவிடும்; ஒப்பீட்டில் இரண்டு வரிகள் சேர்ந்து நிற்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் எந்த வித்தியாசமாக இருந்தாலும், ஏன் வந்தது என்று சொல்லத் தெரிந்த பிறகே மெனுவில் கை வைக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களில் இந்த ஒப்பீடு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். விண்டோஸின் பழைய நோட்பேட், யூடிஎஃப்-8இல் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். 2019இல்தான் அது இயல்பிருப்பாக இல்லாமல் போனது. எச்டிஎம்எல்லாக இருந்தவரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அதே கோப்பு பிஎச்பி ஆனதும், நிரலின் முதல் வரிக்கு முன்பே அந்த மூன்று பைட்டும் வெளியே போய்விடும். அதன் பிறகு குக்கி வைக்கவோ வேறு பக்கத்துக்கு அனுப்பவோ முயன்றால், ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று எச்சரிக்கை வரும். எடிட்டரில் பார்த்தால் கோப்பு சுத்தமாகவே தெரியும். பைட்டுகளைப் பார்த்தால்தான் பிடிபடும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் பைட்டும் வேறு என்பதால், ஒரு செய்தியின் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்டும் நிரலிலும் கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைச் சாதாரண நீளச் செயற்கூறு 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. அந்தக் கணக்கில் வெட்டினால் எழுத்து பாதியில் உடைந்து, கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாகத் திரையில் நிற்கும். ‘மல்ட்டிபைட்’ செயற்கூறுகள் 5 என்று சொல்லும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்தல்ல. வெட்டினால் ‘மி’ இகரக் குறியை இழந்து ‘ம’ ஆகிவிடலாம். சொல் இடைவெளியில் வெட்டுவதே மரியாதை.

இன்க்ளூட், ரிக்வயர் இரண்டில் எதைப் போடுவது என்பதையும் வாசகர் பக்கமிருந்தே முடிவு செய்யலாம். கோப்பு கிடைக்காவிட்டால் இன்க்ளூட் எச்சரித்துவிட்டு மேலே போகும். ரிக்வயர் அங்கேயே நிறுத்திவிடும். அடிப்பகுதி வராவிட்டாலும் கட்டுரையைப் படிக்கலாம், அதற்கு இன்க்ளூட் போதும். தரவுதளத் தொடர்பு இல்லாமல் ஒரு படிவம் திறக்கவே கூடாது, அதற்கு ரிக்வயர். கடவுச்சொல் உள்ள கோப்பை வலைக்குத் திறந்திருக்கும் ஃபோல்டருக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்கு ‘ஐஎன்சி’ என்று பின்னொட்டு கொடுத்து உள்ளேயே வைத்தால், பல சர்வர்கள் யார் கேட்டாலும் அதை வெறும் எழுத்தாக எடுத்து நீட்டிவிடும். வலை முகவரியில் வருகிற பெயரை அப்படியே இன்க்ளூட்டுக்குக் கொடுப்பதும் கூடாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு சரிபார்த்த பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்.

முகவரியை மாற்றக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். பின்னொட்டு எச்டிஎம்எல்லிலிருந்து பிஎச்பிக்கு மாறினால், எங்கெங்கோ குறித்து வைத்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும். பழைய முகவரியில் கேட்பவருக்கு உள்ளுக்குள் புதிய கோப்பை எடுத்துக் கொடுக்கும்படி சர்வரில் எழுதிவிடலாம். முடியாவிட்டால் 301 திருப்பம் போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், அந்தப் பக்கங்களை எழுதியவரிடமே ஒரு கோப்பைத் திறந்து பத்தியொன்றைத் திருத்தச் சொல்வேன். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி நிரல். நடுவில் அவர் எழுதிய வாசகம் அப்படியே. யாரையும் கேட்காமல் அவர் திருத்தி முடித்தால்தான் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.