எட்டு நாடா, மூன்று நாடா? ஐரோப்பா டூருக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்து

‘11 நாள், 8 நாடு’ என்று அந்த டூர் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் கணவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, “இந்தக் காசுக்கு எட்டு நாடு! வேற யார் காட்டுவாங்க?” என்றார். ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். ஐரோப்பாவுக்கு ஆயுளில் ஒருமுறைதான் போகப் போகிறோம், எத்தனை ஊர் முடியுமோ அத்தனையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

போவது நான்கு பேர். நாங்கள் இருவர், கல்லூரிப் படிப்பை முடித்திருந்த மகள், 74 வயதான என் அம்மா. அம்மா 31 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். ஐரோப்பாவை வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியதோடு சரி. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டு என்றால் முகம் மாறிவிடும்.

மகள்தான் ஒரு வழி சொன்னாள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் ‘இதைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்’ என்று மூன்றே மூன்று இடம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

கணவர் எழுதியது: ஈஃபிள் கோபுரம், பனிமலை, கொலோசியம். மகள் எழுதியது: மோனாலிசா, நோத்ர தாம் தேவாலயம், ஷாருக்கான் படத்தில் வரும் சுவிட்சர்லாந்து. நான் வெனிஸ் என்று முதலில் எழுதினேன். பிறகு ‘அந்நியன்’ பாட்டில் வந்த துலிப் தோட்டம், அப்புறம் பைசா கோபுரம். அம்மாவின் சீட்டில், ‘மாப்பிள்ளைக்கு எது சௌகரியமோ அது’ என்று இருந்தது.

“பாட்டி, இது பதிலே இல்ல” என்று மகள் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபம், பாஸ்டில் சிறை, மைக்கலாஞ்சலோ வரைந்த கூரை.

கணவர் விளம்பரத்தை எடுத்து மறுபடி படித்தார். எட்டு நாட்டில், அம்மா கேட்ட மூன்றில் ஒன்றுகூட இல்லை!

அன்று ராத்திரிதான் அந்தத் தாளை நாங்கள் ஒழுங்காகப் படித்தோம். டூர் விளம்பரத்தைப் படிக்கும்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பாருங்கள். ‘உள்ளே சென்று காணுதல்’ என்று இருந்தால் டிக்கெட் அவர்கள் செலவு. ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் இறங்கி, படம் எடுத்து, ஏற வேண்டும். ‘வழியில் காணுதல்’ என்றால் பஸ் ஜன்னல்தான். எங்கள் தாளில் பாதிக்கு மேல் பின்னிரண்டு வகை. ஒரு நாட்டில் ராத்திரி தூங்குவது மட்டும்தான் நிகழ்ச்சி. கணவர் பேனாவை எடுத்து, பஸ்ஸில் உட்காரும் நேரத்தை நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தார். கூட்டி முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெட்டும் வேலை. லண்டன் முதலிலேயே போனது. ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். பிரிட்டனுக்குத் தனி விசா, தனிச் செலவு. என் துலிப் தோட்டம் அடுத்து அடிபட்டது. நெதர்லாந்தின் கோய்க்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். நாங்கள் போவது ஜூனில். பைசாவை நானே அடித்துவிட்டேன், ஒரு கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுக்க அரை நாள் எதற்கு? வெனிஸை அடிக்கத்தான் மனசு வரவில்லை. ஆனால் அங்கே கார், ஆட்டோ எதுவும் கிடையாது. படகை விட்டால் நடைதான். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் படிக்கட்டு. அம்மாவின் முழங்காலை நினைத்து நானே கோடு போட்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

கடைசியில் நின்றவை மூன்று நாடு, மூன்றே ஹோட்டல். பாரிஸில் நான்கு ராத்திரி, சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் மூன்று, ரோமில் மூன்று. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் எடுத்ததால் வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும் என்பதால் பிரான்ஸுக்கு விண்ணப்பித்தோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நாடுகளைக் குறைத்த பிறகும் ஒரு சிக்கல். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. வெர்செய்ல்ஸுக்குத் திங்கள். வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிறு தோறும் விடுமுறை. லூவ்ர் மூடியிருக்கும் செவ்வாயன்று அந்தக் கூட்டமும் வெர்செய்ல்ஸுக்குப் போய்விடும் என்று கேள்விப்பட்டு, நாங்கள் புதன் வைத்துக்கொண்டோம். ஹோட்டல் பதிவு செய்யும் முன்பே காலண்டரில் இந்த விடுமுறைகளை வட்டம் போட்டுவிடுங்கள். கொலோசியம் டிக்கெட்டில் ஆள் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இனிஷியலை எங்கே போடுவது என்று ஒரு சின்னச் சண்டையே நடந்தது.

பாஸ்டில் விஷயத்தை அம்மாவிடம் யார் சொல்வது என்று தெரியவில்லை. 1789 ஜூலை 14-ல் மக்கள் கைப்பற்றிய அந்தச் சிறை இப்போது இல்லை. அப்போதே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சதுக்கமும் நடுவே ஒரு தூணும் உண்டு. அந்தத் தூண்கூட 1830-ல் நடந்த வேறொரு புரட்சியின் நினைவாக வைத்தது. மகள் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். “இடிச்சாங்கன்னு நான்தானே வருஷா வருஷம் நடத்தினேன். ஏதாவது ஒரு சுவராவது வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தின் மேலே நாங்கள் ஏறவில்லை. கோபுரத்தில் நின்றால் கோபுரம் தெரியாது என்று மகள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எதிர்க்கரையில் உள்ள ட்ரோக்கடேரோ மேட்டிலிருந்து பார்த்தோம், காசும் இல்லை வரிசையும் இல்லை. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும். ஆனால் ஜூனில் அங்கே இருட்ட ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிறது! அம்மா ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் வந்தார். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். கண்ணாடிக்குப் பின்னால் அவள், முன்னால் நூறு செல்போன். மகளுக்கு அதிலும் திருப்திதான், எனக்கு இல்லை. 2019-ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாம் அதைவிடப் பிடித்தது. உள்ளே போகக் கட்டணமும் கிடையாது.

புதன்கிழமை வெர்செய்ல்ஸ். அங்கே உள்ளவர்கள் ‘வெர்சாய்’ என்றுதான் சொல்கிறார்கள். “அப்ப முப்பத்தொரு வருஷம் தப்பாவா சொல்லிக் குடுத்தேன்?” என்று அம்மாவுக்கு ஒரே கவலை. முற்றத்தின் கரடுமுரடான கல் தளத்தைக் கடக்கவே இருபது நிமிடம் ஆனது. 73 மீட்டர் நீளமான அந்த மண்டபத்தில் 357 கண்ணாடிகள், எதிரே தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்கள். எல்லோரும் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓர் ஓரமாக நின்று பேத்தியிடம் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். 1871-ல் பிரான்ஸைத் தோற்கடித்த ஜெர்மானியர்கள் இதே மண்டபத்தில்தான் தங்கள் பேரரசை அறிவித்தார்கள். 1919 ஜூன் 28-ல் அதே ஜெர்மனியை இங்கேயே வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். “பத்து மார்க் கேள்வி. எல்லாரும் தேதி எழுதுவாங்க. ஏன் இந்த ரூம்னு ஒருத்தியும் எழுத மாட்டா” என்றார். என் கணவர் செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லூசெர்னில் ஒருநாள் நாங்கள் பிரிந்துவிட்டோம். குடும்பமாகப் போனால் எல்லா இடத்துக்கும் எல்லோரும் போக வேண்டும் என்று சட்டமா என்ன? கணவரும் மகளும் 3,020 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்லிஸ் மலை நிலையத்துக்குச் சுழலும் ரோப்காரில் போய், பனியில் ஷாருக் – கஜோல் கட்அவுட் பக்கத்தில் நின்று படம் எடுத்து வந்தார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அவ்வளவு உயரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் 1871-ல் ஓட ஆரம்பித்த பல்சக்கர ரயிலில் ரிகி மலைக்குப் போனோம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் அதற்குத் தனி டிக்கெட் வேண்டாம். தூரத்தில் வரிசையாகப் பனிமலைகள். பக்கத்தில் மாட்டுக் கழுத்து மணிச் சத்தம்.

ரோமில் சிஸ்டைன் கூரைக்குப் போகும் வழி மிக நீளம். அதுவரை சக்கர நாற்காலி வேண்டவே வேண்டாம் என்ற அம்மா அங்கே ஒப்புக்கொண்டார். அதில் சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாக மேலே பார்த்தவர் அவர்தான். எங்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாரிஸின் கடைசி நாள் மாலை, யார் சீட்டிலும் இல்லாத ஓர் இடத்துக்கு மகள் எங்களை அழைத்துப் போனாள். கொன்கார்ட் சதுக்கம், பதினாறாம் லூயியின் தலை 1793-ல் விழுந்த இடம். அதை ஒட்டி சேன் நதியின் மேல் ஒரு பாலம். படிக்கட்டு இல்லை, டிக்கெட் இல்லை. “பாட்டி, பாஸ்டிலை இடிச்ச கல்லுல ஒரு பகுதியை இந்தப் பாலத்துலதான் வெச்சுக் கட்டினாங்க” என்றாள். பின்னால் பாலத்தை அகலப்படுத்தியதால், நாம் தொடுவது அந்தக் கல்தானா என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அம்மா கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

“வெயில்ல நல்லா சுடுதுடி” என்றார்.