மூலைவிட்டமாக அடிக்கலாமா?



போன விடுமுறையில் எங்கட வீட்டு விறாந்தையில் நடந்த ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

லண்டனில் இருக்கும் தங்கச்சி குடும்பம் ஊருக்கு வந்தபோது ‘ஹீரோகுவெஸ்ட்’ என்ற பலகை விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது பெட்டியோடு விட்டுவிட்டுப் போனார்கள். 1989இல் முதலில் வெளிவந்த விளையாட்டு. 2021இல் புதிதாக அச்சடித்து மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். பார்பேரியன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என்று நாலு பேர் ஒரு நிலவறைக்குள் இறங்குவார்கள். ஐந்தாவது ஆள் ஸார்கோன். அரக்கர்களை நகர்த்துவது அவர்தான். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற வரைபடமும் அவர் கையில்தான்.

பகடை இருக்கிறதே, மந்திரவாதி இருக்கிறானே என்று சிலர் கேட்பீர்கள். பந்தயம் எதுவும் இல்லை. மற்றபடி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, அதை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு கதை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தார்கள். நான் ஸார்கோன். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அரை மணித்தியாலம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தமிழில் வாயால் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நான் சொன்னதே சட்டம். எதிராளியும் நான், நடுவரும் நான். அதில் உள்ள பிழை அப்போது எனக்குப் படவில்லை.

நாலாம் நாள். மந்திரவாதியாக விளையாடியவர் தரம் எட்டில் படிக்கும் ஒரு மகன். முதல் நாள் சேர்த்த தங்கத்தில் ஒரு தடி வாங்கியிருந்தார். அவருக்கு மூலைக் கட்டத்தில் என்னுடைய எலும்புக்கூடு நின்றது. பகடையை உருட்டப் போனார்.

“மூலைக்கு அடிக்க ஏலாது. நேர்க் கட்டத்துக்குத்தான்” என்றேன்.

“தடியால அடிக்கலாம் சேர்.”

“முதல் நாளே சொன்னேன்தானே? அளாப்ப வேணாம்.”

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. அட்டையைப் பலகையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இரவு பெட்டியை அடுக்கும்போதுதான் அந்தத் தடி அட்டையை எடுத்துப் படித்தேன். இந்த ஆயுதம் நீளமானது என்பதால் மூலைவிட்டமாகவும் தாக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. பொது விதி நான் சொன்னதுதான். ஆனால் தடிக்கு விதிவிலக்கு.

உடனே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டு நாளைக்கு முன் அதே மகன் என்னிடம் வந்து, “சேர், டயகனல் எண்டா என்ன?” என்று கேட்டிருந்தார். “மூலைவிட்டம். சதுரத்தில் படிச்சீங்கதானே” என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு சொல் ஒரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு அட்டையைப் படித்திருக்கிறார். நான் படிக்கவேயில்லை.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். “சின்னப் புள்ளைட விளையாட்டுக்குப் போய் சேர் வரணுமா” என்று வாப்பா கதிரையை இழுத்துப் போட்டார். மகன் கதவோரம் நின்றார். பிழை என்னுடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: “தோத்தது பரவாயில்ல சேர். எல்லாருக்கும் முன்னுக்கு அளாப்புறன் எண்டு சொன்னீங்க.”

அதற்கு அவர் வீட்டுக்குள் வைத்து மன்னிப்புக் கேட்டால் போதாது. அடுத்த நாள் நாலு பேரையும் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் அட்டையை வாசித்துக் காட்டி, “இவர் சொன்னது சரி, நான் சொன்னது பிழை” என்றேன். பிறகு விளையாடாமல் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படித்தோம். நான் செய்துவைத்திருந்த பிழைகள் ஒன்றல்ல. இந்த விளையாட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

1. நடந்த பிறகுதான் அடிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். பிழை. நடந்துவிட்டு அடிக்கலாம், அடித்துவிட்டும் நடக்கலாம். பாதி நடந்து, அடித்து, மீதி நடக்கத்தான் முடியாது.

2. கதவு திறந்தால் அந்த முறை வேறொன்றும் செய்ய முடியாது என்றேன். பிழை. கதவு திறப்பது ஒரு செயலாகக் கணக்கில் வராது.

3. ஒருவர் நிற்கும் கட்டத்தைத் தாண்டிப் போக முடியாது என்றேன். தோழர் சம்மதித்தால் அவரைக் கடந்து போகலாம். அதே கட்டத்தில் போய் நிற்கத்தான் கூடாது.

4. ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்க விட்டிருந்தேன். ஒரு பயணத்தில் ஒரு மந்திரம் ஒரு தடவைதான். இது பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

5. மிகப் பெரிய பிழை கேடயம். சண்டைப் பகடையின் ஆறு முகங்களில் மூன்று மண்டையோடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒன்று கறுப்புக் கேடயம். வீரர்களைக் காப்பது வெள்ளை, அரக்கர்களைக் காப்பது கறுப்பு. நானோ எந்தக் கேடயம் விழுந்தாலும் யாருக்கும் செல்லும் என்று விட்டிருந்தேன்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம்தானே, நியாயம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பகடையில் வீரர் தப்பும் வாய்ப்பு 2/6இலிருந்து 3/6 ஆகிறது, ஒன்றரை மடங்கு. அரக்கன் தப்பும் வாய்ப்பு 1/6இலிருந்து 3/6 ஆகிறது, மூன்று மடங்கு. பிள்ளைகள் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. “நல்லா யோசிச்சு விளையாடுங்க” என்று அவர்களுக்குப் புத்தி வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவற்றில் ஒன்றையாவது நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்த மகனும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. என்னுடைய பிழைக்கு ‘தெரியாமல்’ என்ற பெயர். அவர் சொன்ன சரிக்கு ‘அளாப்பல்’ என்ற பெயர். வயது வித்தியாசம் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லூடோ ஆகட்டும், மென்பந்து கிரிக்கெட் ஆகட்டும், பிள்ளை “இல்ல, அப்படித்தான்” என்று நின்றால், “எங்க இருக்கு, காட்டுங்க” என்று முதலில் கேளுங்கள். பிழை என்றால் பிள்ளையே கண்டுகொள்ளும். சரி என்றால் நாம் கண்டுகொள்வோம். பொய்யன் என்று ஒரு பிள்ளையைச் சொல்ல ஒரு நொடி போதும். அதைத் திருப்பி எடுக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது.

இப்போது விதிப் புத்தகம் அந்த மகனிடம்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் நானும் அவரிடம்தான் கேட்கிறேன். மீண்டும் விளையாடிய முதல் நாளே தடியோடு மூலைக் கட்டத்தில் வந்து நின்றார். என்னுடைய முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டுப் பகடையை உருட்டினார். மண்டையோடு. எனக்குக் கறுப்புக் கேடயம் விழவில்லை. எலும்புக்கூட்டை நானே எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன்.