வக்குல்லா ஊற்றுக்குக் கீழே

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தலைநகர் டல்லஹாசி. அங்கிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் வக்குல்லா ஊற்று. கோடையோ குளிரோ, தண்ணீர் எப்போதும் சுமார் 21 டிகிரிதான். அதனால் குளிர்காலத்தில் மனாட்டி என்ற கடற்பசுக்கள் இங்கே வந்து தங்குகின்றன. 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' (1954) படத்தின் நீருக்கடிக் காட்சிகளை இங்கே எடுத்தார்கள். அந்த அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறி ஆழத்தைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வருவார்கள்.

இத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைத்துக் குகைகளாகக் குடைந்துவிட்டது. குகை முழுக்கத் தண்ணீர், ஆழம் சுமார் 90 மீட்டர், கும்மிருட்டு. 1987-ல் பில் ஸ்டோன் தலைமையில் ஒரு குழு இறங்கி ஆராய்ந்தது. பின்னர் 'உட்வில் கார்ஸ்ட் பிளெயின் ப்ராஜெக்ட்' என்ற தன்னார்வக் குழு தொடர்ந்தது.

சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டுக்கொண்டே நீந்துவார்கள். முடிச்சை எண்ணினால் தூரம். திசைகாட்டியும் ஆழமானியும் மற்றதைச் சொல்லும். மூன்றையும் குறித்து வந்தால் வரைபடம் தயார். திரும்பி வர வழிகாட்டுவதும் அதே கயிறுதான்.

2007 டிசம்பரில் ஜேரட் ஜப்லான்ஸ்கி, கேசி மெக்கின்லே இருவரும் டர்னர் சிங்க் என்ற இடத்தில், நிலம் உள்வாங்கி உண்டான குளத்தில் இறங்கினார்கள். சுமார் 11 கி.மீ. தூரத்தைக் குகைக்குள்ளேயே கடந்து வக்குல்லாவுக்கு வந்தார்கள். கடக்க ஏழு மணி நேரம். சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிட்டு உயிருக்கே ஆபத்து. அதனால் மெல்ல மெல்ல மேலேற, அதைப்போல் இரு மடங்கு நேரம்!

அதே காலகட்டத்தில் வேறொரு சோதனையும் நடந்தது. சுத்திகரித்த கழிவுநீரை டல்லஹாசி நகரம் வயல்களில் தெளித்து வந்தது. ஆய்வாளர்கள் அங்கே நிலத்தடி நீரில் சாயம் கலந்தார்கள். சில வாரங்களில் அது வக்குல்லாவில் தென்பட்டது! கழிவுநீரில் இருந்த நைட்ரேட்தான் ஊற்றில் பாசியும் களையும் பெருகக் காரணங்களில் ஒன்று என்பது உறுதியானது. நகரம் பெரும் செலவில் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தியது, நைட்ரேட் குறைந்தது.

ஆனால், பழைய தெளிவு இன்னும் திரும்பவில்லை. இப்போது போகிறவர்களுக்குச் சாதாரணப் படகுச் சவாரிதான் கிடைக்கிறது. முதலைகளும் பறவைகளும் கடற்பசுக்களும் கண்ணில் படும். ஆழம் மட்டும் தெரியாது.