சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

2020 பிப்ரவரி கடைசியில் அம்மா தஞ்சாவூரிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்கு எங்களிடம் வந்தார். ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. பையில் 40 நாள் மருந்து. மார்ச் 17ஆம் தேதி மலேசியாவிலிருந்து பயணிகள் வர இந்தியா தடை போட்டது. மறுநாள் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அன்றிரவு அம்மா மாத்திரைகளைத் தரையில் பரப்பி எண்ணினார். நானும் கூட உட்கார்ந்து எண்ணினேன்.

*

ஊர் மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துத்தானே கொடுப்பார்கள். மிஞ்சிய துண்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் இருந்தது. "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று அம்மாவுக்குத் தெரியும். கடல் தாண்டினால் நிறத்தை வைத்து யார் மருந்து தருவார்கள்? முழுப்பெயர் தெரிந்திருந்தாலும் பயனில்லை, அந்த வணிகப் பெயரில் இங்கே மருந்தே கிடையாது. ஊர் மருத்துவரின் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து அனுப்பியபின்தான் உள்ளே இருப்பது தெரிந்தது: கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ். மூன்றும் ஒரே மாத்திரையில்.

*

தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். இங்கே மருத்துவரே மருந்தும் கொடுத்துவிடுவார். முதல் இரண்டையும் தனித்தனி மாத்திரையாகக் கொடுத்தார். "மூணாவது இப்போதைக்கு வேண்டாம் ஆன்ட்டி. தினம் ரெண்டு வேளை விரலைக் குத்திப் பார்த்து எழுதி வைங்க, ஒரு வாரத்துல பார்ப்போம்." பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணைக் காட்டி, அது இல்லாத மருந்தை எங்கும் வாங்காதீர்கள் என்றார்.

*

சர்க்கரை நோயை இனிப்பு நீர் என்பார்கள் இங்குள்ள தமிழர்கள். மலாய் மொழியிலும் 'கென்சிங் மானிஸ்', அதே பொருள்தான். 2019 மலேசியத் தேசிய ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய். இந்தியர்களிடம்தான் மிக அதிகம். கிளினிக் வாசலில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில் பெரும்பாலும் அம்மா வயதுக்காரர்கள்.

*

இதைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி ஊசி. இங்கே ஒரு மில்லிக்கு 100. ஊசிக்கு ஆரஞ்சு மூடி. மாத்திரையோடு இன்சுலினும் போட்டுக்கொள்ளும் அம்மாவுக்கு 20 யூனிட். புதுப் புட்டியிலிருந்து பழைய சிவப்பு மூடி ஊசியால் 20 கோடு வரை இழுத்திருந்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட் உள்ளே போயிருக்கும். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி, காலையில் எழாமலே போயிருக்கலாம். "ஊசி எது வச்சிருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்டார். கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது. மிச்சமிருந்த சிவப்பு மூடி ஊசிகளை அன்றே அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

*

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்த தைராய்டு மாத்திரை தீர்ந்து, மூன்று வாரம் மருந்தில்லாமல் சும்மா இருந்துவிட்டார். நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாத மருந்துகள்தான் இப்படி ஏமாற்றும். கேட்டதும் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம்.

*

ஜூனில் திருச்சி விமானத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்தது. இப்போது ஆபத்து எதிர்த்திசையில்: ஊரின் 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான். ஊரில் தனிமைப்படுத்தும் நாட்களுக்காக இங்கே வாங்கிய புட்டியையும் ஆரஞ்சு மூடி ஊசிகளையும் ஒரே பையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத் தீரணும்மா. மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுடுங்க." ஏறும் முன் அம்மா அதை எனக்கே இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.