குழாய் முதல்ல, தார் அப்புறம்

வாசுதேவநல்லூர்ல ஒரு குழியைப் பத்திப் புகார் சொல்லணும்னா, முதல்ல அந்த ரோடு யாருதுன்னு தெரியணும். ஊருக்குள்ள போற திருமங்கலம்–கொல்லம் சாலை தேசிய நெடுஞ்சாலை 744. அதில் பேரூராட்சி கை வைக்க முடியாது. தெருக்கள்தான் அதன் பொறுப்பு. அதுக்குச் சொத்து வரி, நிதிக்குழு மானியம், எப்பவாவது வர்ற திட்டப் பணம்.

பணம் பத்தாதுங்கறது நிஜம். ஆனா எனக்கு வரிசைதான் பெரிய கோளாறாப் படுது. குழாய், வாறுகால், கடைசியில் தார்னுதானே போகணும்? நம்ம பக்கம் தார் ஆறுறதுக்குள்ள குழாய்க்குத் தோண்டிருவாங்க. மூடுறது வெறும் மண். ஐப்பசி மழையில அந்தக் கோடு உள்வாங்கும். வெட்டின விளிம்பு வழியாத் தண்ணி இறங்கி, ஜல்லி கழண்டு, பக்கத்துத் தாரும் பெயரும்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல் தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். அதுக்குள்ள தார் மேல தார் போட்டு எத்தனையோ வீட்டு வாசப்படி ரோட்டுக்குக் கீழே போயாச்சு.

குழி சின்னதா இருக்கும்போதே ஒட்டுப்போட பட்ஜெட்ல தனியா ஒரு தொகை வைக்கலாம். புரட்டாசிக்குள்ள அதைச் செலவழிச்சிரணும். ஒட்டுப்போட்டதுக்குக் கல்வெட்டு வைக்க முடியாதே, அதுதான் சிக்கல்போல!