காற்றையும் ஒப்பு நோக்கினார்கள்

2017 ஒக்கிப் புயலில் அருமனைப் பக்கம் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவேயில்லை. அதன் பிறகு காற்றைப் பற்றி எது கிடைத்தாலும் வாசித்து விடுகிறேன்.

கரையில் பலூன் விட்டு மேல்காற்றை அளக்கலாம். நடுக்கடலில் யார் விடுவது? அதற்காகத்தான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2018 ஆகஸ்ட் 22 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏயோலஸ் செயற்கைக்கோளை அனுப்பியது. பிரெஞ்சில் படித்த எனக்கு அது ‘எயோல்’, கிரேக்கர்களின் காற்றுத் தேவன். 320 கிலோமீட்டர் உயரத்திலிருந்து லேசர் ஒளியைக் கீழே விடும். காற்றிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியில் தெரியும் சிறு மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும்.

அந்தக் கணக்கு சரிதானா? எங்கள் ஆபீசில் ஒருவர் எழுதிய பதிவேட்டை இன்னொருவர் ஒப்பு நோக்காமல் மேலே அனுப்ப முடியாது. இங்கேயும் அதே வழக்கம்தான். ஜெர்மானியரின் ஃபால்கன் விமானம் செயற்கைக்கோளின் பாதையை ஒட்டி, அதற்குக் கீழே பறந்தது. ஐஸ்லாந்து, கேப் வெர்டி என்று அலைந்தார்கள். விமானத்தில் இரண்டு லேசர் கருவிகள். ஒன்று செயற்கைக்கோளில் இருப்பதன் மாதிரி. மற்றது வேறு வகை, துல்லியம் கூடியது. தன் கையெழுத்தைத் தானே சரிபார்க்கக் கூடாதல்லவா!

பிழையும் இருந்தது. தொலைநோக்கிக் கண்ணாடியின் சிறு வெப்ப மாற்றம் அளவைக் கெடுத்ததை வானிலைக் கணிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, 2020இல் திருத்தினார்கள்.

மூன்று வருஷத்துக்கென்று போன ஏயோலஸ், பணி நீட்டிப்பு வாங்கி 2023 வரை உழைத்தது.