டாக்டர் போனில் வரும்போது கதவைச் சாத்திக் கொடுங்கள்

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது வயது 31. காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த அன்றே விஷயத்தைச் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

கொரோனாவுக்கு முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துச் சீட்டு வாங்குவதற்கே ஒரு நாள் போய்விடும். நான் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்பதால் வீட்டுக்காரரும் லீவு போட வேண்டும். மூன்று மணி நேரம் காத்திருந்தால் உள்ளே ஐந்து நிமிடம். "ஃபிட்ஸ் வந்துச்சாம்மா?" "இல்லீங்க டாக்டர்." "அதே மாத்திரையைச் சாப்பிடுங்க." அவ்வளவுதான்.

2020 மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தபடி இலவசமாக டாக்டரைப் பார்க்கும் வசதியும் வந்தது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல். குளோபசாம், ஃபீனோபார்பிட்டோன் போன்ற வலிப்பு மாத்திரைகள் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் வருவதால், அவற்றைப் போன் வழியாக எழுதித் தரக் கூடாது என்று இருந்தது. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்களுக்கு வீடியோவில் பார்த்து எழுதித் தரலாம் என்று பிறகு தளர்த்தினார்கள்.

போனில் பார்த்தால் போதுமா என்ற சந்தேகம் எங்கள் வீட்டிலும் இருந்தது. டெல்லி எய்ம்ஸில் வலிப்பு நோயாளிகளில் ஒரு பிரிவினரை நேரிலும், இன்னொரு பிரிவினரைப் போனிலும் கவனித்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2017-ல் அது வெளியானது. போனில் பார்த்தவர்களுக்கு வலிப்பு கூடுதலாக வந்துவிடவில்லை. பயணச் செலவுதான் மிச்சமானது.

எனக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் அத்தை நல்லவர். ராத்திரி எட்டு மணியானால் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பார். அந்த அக்கறையில்தான் வீடியோ காலிலும் பக்கத்தில் உட்காருவார். டாக்டர் என்னைக் கேட்டால், பதில் அத்தையிடமிருந்து வரும்.

ஒருநாள் டாக்டர், "பக்கத்துல யாரும்மா?" என்றார். "எங்க அத்தைங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "அடுத்த தடவை நேர்ல வந்துருங்க. கொஞ்சம் பேசணும்" என்றார்.

போனேன். என்னை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, "குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும் விளக்கினார். நான் சாப்பிட்டு வந்தது சோடியம் வால்ப்ரோயேட். கர்ப்பகாலத்தில் அது குழந்தையின் உடல் வளர்ச்சியையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. அதற்காக நாமாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு மாத்திரையை ஆரம்பித்து, பழையதைப் படிப்படியாகக் குறைத்தார். ஃபோலிக் ஆசிட்டும் எழுதினார்.

"ஹால்ல உங்க அத்தை இருக்கறப்ப இதை நான் எப்படிம்மா கேக்கறது? நீங்கதான் எப்படிப் பதில் சொல்வீங்க?" என்றார். டாக்டர்களுக்கும் போனில் கை கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மாத்திரை மாறிய மூன்றாவது வாரம், விடியற்காலையில் எனக்கு வலிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, செல்போனில் வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் வெட்டுகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்தது. வலிப்பு வந்தவருக்கு இதெல்லாம் நினைவிருக்காது. பார்த்தவர்களும் பதற்றத்தில் மாற்றிச் சொல்வார்கள். அன்றைக்கு மதியத்துக்குள் டாக்டர் போனிலேயே மாத்திரை அளவைக் கூட்டிவிட்டார். நேரில் போவதாக இருந்தால் அந்த வீடியோவை அவர் பார்க்கவே பல நாள் ஆகியிருக்கும்.

இதுபோன்ற நோயாளி உள்ள வீட்டினருக்குச் சில வார்த்தைகள். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும், ஒருவர் வீடியோ எடுக்கட்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் வீடியோ காலை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொன்று. வழக்கமான பரிசோதனைக்கு டாக்டர் போனில் வந்ததும், பார்த்ததைச் சொல்லிவிட்டு, "நீ பேசு கண்ணு" என்று எழுந்து போய்விடுங்கள். கல்யாணம், குழந்தை, மனச்சோர்வு, மறந்துபோன மாத்திரை என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஏதாவது இருக்கும்.

எனக்கு வலிப்பு வந்து ஏழு மாதமாகிவிட்டது. வீட்டுக்காரர் பக்குவமாக எடுத்துச் சொன்னதில், எங்கள் அத்தை இப்போது டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார்.